தீட்டுக்கு அளவு கிடையாது, குரோமியத்துக்கு உண்டு

1927 மார்ச் 20 அன்று மகாத் சவுதார் குளத்தில் அம்பேத்கரும் தோழர்களும் தண்ணீர் குடித்தார்கள். குளம் தீட்டாகிவிட்டதென்று சாதி இந்துக்கள் பிறகு அதில் பாலும் தயிரும் சாணமும் மாட்டு மூத்திரமும் கலந்து 'சுத்தம்' செய்தார்கள். இல்லாத அழுக்கைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை.

இருக்கிற நஞ்சைக் கண்டுபிடிக்கத்தான் இங்கே யாருக்கும் அவசரம் இல்லை. ராணிப்பேட்டையில் தோல் பதனிடுவதற்கான குரோமிய ரசாயனங்களைத் தயாரித்த ஆலை, 1990களில் மூடப்பட்டபோது சுமார் 1.5 லட்சம் டன் கழிவை அப்படியே விட்டுச் சென்றது. அதிலுள்ள ஹெக்சாவேலன்ட் குரோமியம் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. தோலைத் தொட்டவர்களைத் தீட்டென்று ஒதுக்கிய சமூகம், தோலுக்கான ரசாயனம் நிலத்தடி நீரில் இறங்கியபோது பதறவில்லை.

குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தர அளவு. அதாவது 2 கோடியில் ஒரு பங்கு. அந்த அளவில் நிறம் மாறாது, நாறாது, ருசியிலும் தெரியாது. வீட்டிலிருக்கும் டிடிஎஸ் மீட்டரும் காட்டாது; அது கரைந்துள்ள உப்புகளின் மொத்தத்தை மட்டுமே சொல்லும். ஆனால் ஆய்வகத்திலுள்ள ஐசிபி-எம்எஸ் கருவி, இதைவிடப் பல மடங்கு குறைந்த அளவையும் உலோகம் உலோகமாகப் பிரித்துச் சொல்லிவிடும்.

ஆக, தடை அறிவியலில் இல்லை. மாதிரி எடுக்கும் பாட்டில் யாருடைய கிணற்றில் இறங்குகிறது என்பதில் இருக்கிறது. ஊர்த்தெருத் தொட்டியில் மட்டும் மாதிரி எடுத்து, ஊராட்சி முழுவதற்கும் 'பாதுகாப்பானது' என்று எழுதினால், சேரியின் போர்வெல் எந்தக் கணக்கிலும் வராது. எடுத்த மாதிரியில் நைட்ரிக் அமிலம் சேர்க்காமல் விட்டால்கூட ஈயம் பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொள்ளும்; அறிக்கையில் அளவு குறைந்துவிடும்.

சூழலியல் வேறு, சாதி ஒழிப்பு வேறு என்கிற நண்பர்களுக்கு நான் வேங்கைவயலை நினைவூட்டுகிறேன். 2022இல் அங்கே குடிநீர்த் தொட்டியில் கலக்கப்பட்ட மலம் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கே நியாயம் கேட்டுப் போராட வேண்டியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாததை யார் கேட்பது?

நாம்தான் கேட்க வேண்டும். மார்ச் 22 தண்ணீர் தின கிராமசபைக்குப் போங்கள் தோழர்களே. எந்தத் தெருவில், எந்தத் தேதியில் மாதிரி எடுத்தீர்கள்? ஈயம், ஆர்செனிக், காட்மியம், பாதரசம், குரோமியம் பார்த்தீர்களா? அளவுகளைத் தமிழில் எழுதிச் சேரியின் சுவரிலும் ஒட்டச் சொல்லுங்கள். குளத்தில் இறங்கும் உரிமையை மகாத்தில் கேட்டோம். அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று அறிவதும் அதே உரிமைதான்.