கூடம் கோணலா?

சென்ற மாதம் ஒரு பெண்ணிடம் நான் அநியாயமாகக் கோபித்துக்கொண்டேன். அச்சகத்தில் பக்கம் கட்டும் வேலை பார்ப்பவள் அவள். என் நாவலின் மெய்ப்பு வந்திருந்தது. பதினோராம் அத்தியாயத்தின் தலைப்பு பக்கத்தின் அடியில் தனியே நின்றது. கதை அடுத்த பக்கத்தில் ஆரம்பித்தது. கதையில் வரும் கடிதத்தின் முகவரி வரிகள் ஆளுக்கொரு திசையில் கிடந்தன.

"என்னம்மா இது? நான் அனுப்பும்போது எல்லாம் சரியாகத்தானே இருந்தது?" என்று தொலைபேசியில் கத்தினேன்.

நேரில் போனபோது அவள் பதிலுக்குக் கத்தவில்லை. நான் அனுப்பிய கோப்பைத் திறந்து, பத்திக் குறிகளைக் காட்டும் பொத்தானை அழுத்தினாள். "சார், கோவிச்சுக்காம இதைக் கொஞ்சம் பாருங்க" என்றாள்.

பார்த்தேன். மணலை வாரி இறைத்தாற்போல் திரை முழுவதும் புள்ளிகள். நான் இடைவெளிக் கட்டையைத் தட்டிய ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு புள்ளி. அத்தியாயம் புதுப் பக்கத்தில் தொடங்க வேண்டுமென்று 'என்டர்' விசையைப் பதினேழு முறை தட்டியிருந்தேன். பதினேழு வெற்றுப் பத்திகள் அங்கே வரிசையாக நின்றன. என் கணினியில் இருந்த எழுத்துரு அகலமானது. அச்சகத்தில் இருந்ததோ ஒடுக்கமானது. வரிகள் குறைந்தன. பதினேழு வெற்று வரிகள் போதாமல், தலைப்பு முந்தின பக்கத்திலேயே தங்கிவிட்டது. ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்!

இது என் ஒருவன் தவறல்ல. நம் எழுத்தாளர்களில் பெரும்பாலோரின் வழக்கம். தட்டச்சுப் பொறியில் தட்டியது தட்டிய இடத்தில் நிற்கும். கணினியில் எழுத்து தண்ணீர் மாதிரி. பாத்திரம் மாறினால் உருவம் மாறும். பொறியை மாற்றிக்கொண்ட நாம் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

திரையில் காண்பதே தாளில் கிடைக்கும் என்ற ஆசையை 1974இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில், செராக்ஸ் ஆராய்ச்சி மையத்தில் பட்லர் லாம்ப்சனும் சார்லஸ் சிமோனியும் 'பிராவோ' என்ற மென்பொருளில் மெய்யாக்கிக் காட்டினார்கள். சிமோனி பின்னர் மைக்ரோசாஃப்டில் சேர்ந்தார்; 1983இல் அங்கிருந்து 'வேர்டு' வந்தது. அந்த வாக்கு பொய்யல்ல. ஆனால் பாதி உண்மை. எப்படித் தெரிகிறது என்பதைத் திரை காட்டும். ஏன் அப்படித் தெரிகிறது என்பதைக் காட்டாது. காரணத்தைச் சொல்லும் அந்தக் குறிகளைச் சாதாரணமாக மறைத்தே வைத்திருக்கிறார்கள். மென்பொருள் செய்தவர்கள் மீது எனக்குள்ள வழக்கு இது ஒன்றுதான்.

"எழுத்தாளனுக்கு எதற்கையா இந்தத் தச்சு வேலை?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். தெரியாது என்பதையே ஒரு பெருமையாகச் சொல்கிறார்கள். அவர்களைக் கேட்கிறேன்: அந்தப் பெண்ணுக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. உங்கள் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கும் இராத்திரிக்கு யார் கூலி தருகிறார்கள்? தொழிலாளியின் துயரத்தைப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். அந்தப் பக்கங்களையே அவள் தலையில் சுமையாக ஏற்றுகிறோம். இது என்ன நியாயம்?

கற்றுக்கொள்ள வேண்டியதும் மலையளவு இல்லை. புதுப் பக்கம் வேண்டுமா? 'கன்ட்ரோல்' விசையோடு 'என்டரை' ஒரே ஒரு முறை தட்டினால் போதும். பத்தியின் முதல் வரி உள்ளே தள்ளி இருக்க வேண்டுமா? பத்தி அமைப்பில் ஒரு தடவை அளவைச் சொல்லிவிடுங்கள். தலைப்புக்குத் தலைப்பு என்ற பாணியையே கொடுங்கள். அது அடுத்த பத்தியை விட்டுப் பிரியாது. பக்க ஓரங்கள் திடீரென்று மாறினால், பிரிவு முறிவு எதையாவது அழித்தோமா என்று பாருங்கள். அதை அழித்தால் முன்பகுதி பின்பகுதியின் அமைப்பை எடுத்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் முன்னால், யாரையும் ஏசுவதற்கு முன்னால், அந்தப் பத்திக் குறிப் பொத்தானை அழுத்துங்கள்.

நாவலைத் திரும்ப வாங்கிவந்து மூன்று நாள் உட்கார்ந்து புள்ளிகளை நானே பொறுக்கினேன். கொண்டுபோய்க் கொடுத்தபோது, "அன்றைக்குக் கத்தினது தப்பம்மா" என்றேன். அவள் சிரித்தாள். "பரவாயில்லை சார். திட்டறவங்க நிறையப் பேர். திருத்திக் கொண்டுவந்தது நீங்க ஒருத்தர்தான்" என்றாள்.

பாராட்டாகத்தான் சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது.