பொங்கல் லீவில் நாய்க்குட்டி தத்து: பஸ் ஏறிய பிறகு யார் பார்ப்பது?

2026 பொங்கல் லீவு ஐ.டி. ஊழியர்களுக்கு வசதியாகவே விழுந்திருக்கிறது. ஜனவரி 15 வியாழன் தொடங்கி ஞாயிறு வரை நான்கு நாள். சென்னை, பெங்களூருவில் இருந்து மதுரை கே.கே. நகர் வீடுகளுக்குப் பிள்ளைகள் வந்து சேரும் நேரம். காலையில் வண்டியூர் கண்மாய்ப் பக்கம் வாக்கிங் போனால், தெருவோரம் நாய்க்குட்டிகள் உருண்டு புரண்டுகொண்டிருக்கும். "அப்பா அம்மா தனியாத்தானே இருக்காங்க, ஒரு துணையா இருக்கட்டுமே" என்று ஒன்றைத் தூக்கி வந்துவிடலாம். ஞாயிறு இரவு மாட்டுத்தாவணியில் ஆம்னி பஸ் ஏறியதும், அது முழுக்க அப்பா அம்மாவின் வேலை.

குட்டிகள் இந்த சமயத்தில் கண்ணில் படுவது தற்செயல் இல்லை. தெருநாய்கள் பெரும்பாலும் மழைக்காலத்தை ஒட்டி இணைசேரும். கர்ப்பகாலம் சுமார் 63 நாள். புரட்டாசியில் சினையானது கார்த்திகையில் ஈன்றால், பொங்கலன்று குட்டிக்கு எட்டு வாரம். பார்க்கிற யாருக்கும் மனசு இளகும் வயசு. கஷ்டமான வயசும் அதுதான்.

பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற நோய்களுக்கான முதல் ஊசி 6 முதல் 8 வாரத்தில் போட வேண்டும். பிறகு மூன்று, நான்கு வார இடைவெளியில் பூஸ்டர். ரேபிஸ் ஊசி மூன்று மாதம் ஆன பிறகுதான். அதாவது பொங்கலுக்கு வந்த குட்டிக்கு மாசி பிறக்கும்போதுதான் ரேபிஸ் பாதுகாப்பு தொடங்கும். அதுவரை 'குட்டிதானே' என்று பல் பட்டதை அலட்சியப்படுத்தக் கூடாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இத்தனைக்கும் ஆட்டோ பிடித்து அலையப்போவது அறுபது வயதைத் தாண்டிய அப்பா. ராத்திரி இரண்டு மணிக்கு அது அழுதால் எழுந்திருப்பது அம்மா.

சட்டமும் இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது. தெருநாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22-ல் பிறப்பித்த உத்தரவில் தத்து பற்றியும் ஒரு பகுதி உண்டு. தெருநாயைத் தத்தெடுக்க விரும்புபவர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம். நாய்க்கு அடையாளம் இட்டுக் கொடுப்பார்கள். அது மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது விண்ணப்பித்தவரின் பொறுப்பு. சரி, விண்ணப்பத்தில் யார் பெயர்? சென்னையில் இருக்கும் மகளா, கே.கே. நகரில் இருக்கும் அப்பாவா? இதை வீட்டில் உட்கார்ந்து பேசாமல் கையெழுத்துப் போடக் கூடாது.

சமாளிக்க முடியாமல் திரும்பத் தெருவில் விட்டால்? 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி, பசி தாகத்தால் தவிக்கும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவது குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. இன்றைக்கு அந்தக் காசில் இரண்டு பேர் டீ, வடை சாப்பிட்டால் பெரிசு. ஆனால் சென்னைக்கே கூட்டிப்போய் உரிமம் வாங்காமல் வளர்த்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று அங்குள்ள மாநகராட்சி அறிவித்திருக்கிறது. வளர்ப்பதை ஒழுங்குபடுத்தக் காட்டும் வேகம், கைவிடுவதைத் தடுப்பதில் இல்லை.

பண்டிகைக்கு நாய் பரிசளிக்கும் பிரச்சினை நமக்கு மட்டும் வந்தது இல்லை. கிறிஸ்துமஸ் பரிசாக வந்த நாய்கள் பிறகு கைவிடப்படுவதைப் பார்த்துத்தான் பிரிட்டனில் 1978-லேயே 'நாய் ஒரு நாள் பரிசல்ல' என்ற பொருளில் பிரசாரம் தொடங்கியது. அதேசமயம், பரிசாக வந்தது என்பதாலேயே பாசம் குறைவதில்லை என்று 2013-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வீட்டில் இருப்பவர் மனசார சம்மதித்தாரா என்பதுதான் கேள்வி. பிள்ளை ஆசையாகக் கொண்டுவந்ததை எந்த அம்மாவும் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்வதில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

துணை வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால், காப்பகத்தில் இருக்கும் வளர்ந்த நாய் பெரியவர்களுக்குப் பல சமயம் நன்றாகவே ஒத்துப்போகும். கருத்தடையும் ஊசியும் முடிந்திருக்கும். கருத்தடை ஆனதற்கு அடையாளமாகக் காது நுனியில் சின்ன வெட்டு இருக்கும். செருப்பைக் கடித்துக் குதறும் வயசு தாண்டியிருக்கும். முக்கியமாக, அதன் சுபாவம் என்னவென்று பராமரிப்பவர்களுக்கே தெரிந்திருக்கும். கேட்டால் சொல்வார்கள். "நாட்டு நாயா?" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள், மதுரை வெயிலை அது ஏ.சி. இல்லாமலே தாங்கும் என்பதையும் யோசிக்கலாம்.

இந்த நான்கு நாளில் அப்பா அம்மாவைக் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினாலும் குறைவில்லை. அப்பார்ட்மென்ட் என்றால், நாயே கூடாது என்று சங்கம் தடை போட முடியாது என விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல் சொல்கிறது. இருந்தாலும் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது. மாசியில் ஒரு வார இறுதியோடு இரண்டு நாள் லீவு சேர்த்துக்கொண்டு வந்து கூட்டி வரலாம். முதல் சில இரவுகள் பிள்ளையும் கூட இருக்கும். அப்பாவுக்கு மூட்டு வலி இருந்து, தினம் இரண்டு வேளை நடத்திக் கூட்டிப்போக முடியாதென்றால், பூனை போதும்.