பினாங்கா, குவாந்தானா?

பங்சாரில் ஞாயிறு மாலை என்றால் பசார் மாலாம்தான். சென்ற மே மாதம் ஒரு ஞாயிறன்று அங்கே மீனும் கீரையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பியதும், சாப்பாட்டு மேசையில் ஒரு தாளை வைத்து நடுவில் கோடு போட்டேன். ஒரு பக்கம் பினாங்கு, மறுபக்கம் குவாந்தான். பள்ளி விடுமுறைக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. எனக்கும் மனைவிக்கும் ஒரே நேரத்தில் நான்கு நாள் விடுப்பு கிடைப்பது அபூர்வம். எங்கே போவது என்று அன்றிரவே முடிவு செய்தாக வேண்டும்.

ஒன்பது வயது மகளுக்குக் கடல் வேண்டும். எந்தக் கடல் என்பது அவளுக்கு முக்கியமில்லை. மனைவி குவாந்தான் என்றாள். நான் பினாங்கு என்றேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவரிடம் நான் கேட்கவில்லை. “அம்மாவுக்குப் பினாங்குதான்” என்று சொல்லி, அவர் பெயரையும் நானே என் பக்கம் எழுதிக்கொண்டேன். இரண்டுக்கு ஒன்று. வெற்றி எனக்கு என்று நினைத்தேன்.

என் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. என் பாட்டி நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலேறி, இந்த நாட்டில் முதலில் கால் வைத்த மண் பினாங்கு. 1926-இல் கட்டப்பட்டு 1970-கள் வரை ஓடிய அந்தக் கப்பலின் பெயரைச் சொன்னால், நம்மில் பல வீடுகளில் ஒரு கதை கிளம்பும். குயின் ஸ்திரீட்டில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில், அதைச் சுற்றிப் பூக்கடையும் புடவைக்கடையுமாக லிட்டில் இந்தியா, நடந்தே போகும் தூரத்தில் 1801-இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். 1957 ஜனவரி 1-ஆம் தேதியே மாநகர் தகுதி பெற்ற ஊர் ஜார்ஜ் டவுன். 2008-இல் யுனெஸ்கோ அதை மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தது. இதற்கு மேல் நாசி கண்டார் வேறு இருக்கிறது.

குவாந்தானுக்கு மாநகர் தகுதி கிடைத்ததே 2021 பிப்ரவரியில்தான். “அங்கே நமக்குச் சொந்தம்னு ஒருத்தர்கூட இல்லையே” என்றேன்.

“அதனாலதாங்க சொல்றேன்” என்றாள் மனைவி.

பயணத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். பினாங்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். விடுமுறை நாளில் வடக்கு நோக்கிப் போகும் நெடுஞ்சாலையின் நெரிசல் உங்களுக்கே தெரியும். வண்டி ஓட்ட அலுப்பாக இருந்தால் ரயில் உண்டு: பங்சாரிலிருந்து எல்ஆர்டியில் ஒரே நிறுத்தம் போனால் கேஎல் சென்ட்ரல், அங்கிருந்து இடிஎஸ் பிடித்தால் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் பட்டர்வொர்த், பிறகு ஃபெரி. டிக்கெட்டை மட்டும் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். குவாந்தான் 250 கிலோமீட்டர்தான். காராக் மலையைத் தாண்டிவிட்டால் கிழக்குக்கரை நெடுஞ்சாலை காலியாகக் கிடக்கும். மூன்று மணி நேரத்தில் போய்விடலாம்.

கடலென்று பார்த்தால் இரண்டும் வேறு வேறு. பினாங்கில் இருப்பது மலாக்கா நீரிணை. அலை குறைவு, தண்ணீர் கலங்கல், சில சமயம் சொறிமீன் வரும். பத்து ஃபிரிங்கியில் மணலில் உட்கார்ந்து அந்தியைப் பார்க்கலாம். நீந்துவதற்கென்று அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. குவாந்தானின் தெலுக் செம்பெடாக் கரையில் இருப்பது தென்சீனக் கடல். அகலமான மணல், நல்ல அலை, கடலிலிருந்தே எழும் சூரியன். ஆனால் அந்தக் கடலுக்கு ஒரு நிபந்தனை உண்டு. நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது அலை ஆளை இழுத்துவிடும். கரையில் சிவப்புக் கொடி பறக்கும். ஆண்டு இறுதி விடுமுறைக்குப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போக நினைக்காதீர்கள்.

இப்படி எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டு, “சரிம்மா, பினாங்குதானே?” என்று பேச்சுக்குக் கேட்டேன்.

அம்மா கீரையை விட்டு நிமிரவில்லை. “பினாங்குக்கு நான் எத்தனை தடவை போயிருப்பேன்னு எண்ணிப் பார்த்தியாடா? கல்யாணம், காதுகுத்து, கருமாதி. ஒரு தடவையாவது கடல்ல கால் நனைச்சிருக்கேனா? அக்கா வீட்டுக்குள்ள நுழைஞ்சா நேரா அடுப்படிதான். நீங்கள்லாம் நாசி கண்டார் சாப்பிடக் கிளம்பிடுவீங்க. நான் இருபது பேருக்கு இட்லி ஊத்திக்கிட்டு நிப்பேன். உனக்குப் போகணும்னா உன் பேரை மட்டும் எழுதிக்க.”

மனைவி மீனைக் கழுவுவதில் மும்முரமாக இருந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

எனக்கு உறைத்தது. சின்ன வயதில் ஜெலுத்தோங்கில் பெரியம்மா வீட்டு விடுமுறைகள்தான் என் வாழ்க்கையின் மிகச் சிறந்த நாட்கள் என்று இன்றும் எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறேன். அந்த நாட்களில் அம்மா எங்கே இருந்தார் என்று யோசித்துப் பார்த்தால், ஒரே ஒரு காட்சிகூட நினைவுக்கு வரவில்லை. அவர் அடுப்படியில் இருந்தார். நான் வெளியே விளையாடிக்கொண்டிருந்தேன். பாட்டியின் கப்பல், மாரியம்மன் கோயில் எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த ஆசை என்னுடையது. அதை அம்மாவின் ஆசை என்று நானே பெயர் மாற்றி வைத்திருந்தேன்.

குவாந்தானுக்குப் போனோம். அம்மாவுக்கு முட்டி வலி. அதனால் கடற்கரைக்கு நடந்தே போகக்கூடிய இடமாகப் பார்த்து அறை எடுத்தோம். வார நாட்களில் போனதால் கூட்டம் குறைவு. விடியற்காலையில் அவர்தான் முதலில் எழுந்து என்னை எழுப்பினார். சூரியன் மேலே வரும்வரை சவுக்கு மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்தார். அவர் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே அரிது. பிறகு பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு கணுக்கால் நனையும் வரை போனார். “தண்ணி இழுக்குதுடி” என்று அவளிடம் சிரித்தார். மதியம் சுடச்சுடக் கெரோப்போக் லேக்கோர், ராத்திரி தஞ்சோங் லும்பூரில் ஈக்கான் பாக்கார். நான்கு நாளும் யாருக்கும் யாரும் சமைக்கவில்லை.

குறையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் நாள் மதியம் எனக்குப் பொழுது போகவில்லை. பினாங்குபோல் தெருத்தெருவாகச் சுற்றிப் பார்க்கிற ஊர் அல்ல அது. 1986-இல் மூடப்பட்ட ஈயச் சுரங்கம் இருக்கும் சுங்கை லெம்பிங்கிற்குப் போய்வந்தோம். காலையில் தோசை தேடிக் கொஞ்சம் அலைந்தோம். சுறுசுறுப்பான இளைஞர்கள், நண்பர்களாகச் சேர்ந்து போகிறவர்கள் இரண்டாம் நாளே சலித்துக்கொள்ளலாம். அவர்களுக்குப் பினாங்குதான் பொருத்தம்.

ஆகவே எந்த ஊர் சிறந்தது என்று கேட்டுப் பயனில்லை. எந்த மாதம் போகிறோம், போன இடத்தில் வேலை யார் தலையில் விழும் என்ற இரண்டையும் முதலில் கேளுங்கள். பிறகு தாளில் பெயர் எழுதுமுன், வீட்டில் உள்ள ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். ‘எனக்கு எங்கேன்னாலும் சரிப்பா’ என்று சொல்கிறவரிடம் இன்னொரு முறை கேளுங்கள்.

ஆண்டு இறுதியில் பினாங்குக்குப் போகிறோம். அம்மாவே சொன்னார், ஒரு நிபந்தனையோடு: ஹோட்டலில்தான் தங்க வேண்டும், பெரியம்மா வீட்டுக்கு ஒரு மாலை போய்த் தேநீர் குடித்துவிட்டு வர வேண்டும். பெரியம்மாவிடம் அதை எப்படிச் சொல்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை. அந்தப் பொறுப்பை மட்டும் வீட்டில் எல்லோரும் ஒருமனதாக என் பெயருக்கு எழுதிவிட்டார்கள்.