தோற்றால் வெளியேறணுமா?

கொல்லிமலை செம்மேட்டில், ஆடி மாதம் நடக்கும் வல்வில் ஓரி விழாவில், வில்வித்தைப் போட்டி உண்டு. மூளைக்கு வேலை தரும் ஆடு புலி ஆட்டத்துக்கும் போட்டி வைத்தால் என்ன? நீங்களே நடத்தலாம். கட்டம் கீற கரித்துண்டு, புலிக்கு 3 புளியங்கொட்டை, ஆட்டுக்கு 15 கூழாங்கல் போதும்.

ஆனால், 'தோற்றால் வெளியே' என்ற முறை வேண்டாம். 8 பேர் வந்தால், முதல் சுற்றிலேயே 4 பேர் போய் விடுவர். மலைப்பாதையில் நடந்து வந்தவர், ஒரே ஆட்டத்தில் திரும்புவது நியாயமா?

நான்கு நான்கு பேராக பிரியுங்கள். குழுவில் எல்லாரும் எல்லாருடனும் ஆடட்டும். புலியும், ஆடும் சம பலம் அல்ல. அதனால், ஒருமுறை புலி, மறுமுறை ஆடு என, மாற்றி ஆடுவதே நேர்மை. ஒவ்வொருவருக்கும் 6 ஆட்டம் கிடைக்கும்!

சீனாவில், 2,000 ஆண்டுகளுக்கு முன்பே தோன்றிய, 'கோ' ஆட்டத்தில், திறமை குறைந்தவர் சில காய்களை முன்னதாகவே பலகையில் வைத்துக் கொள்ளலாம். தாத்தாவும், பேரனும் சமமாக மோதத்தான் இந்த ஏற்பாடு.

ஜெயித்தவருக்கு கை தட்டுங்கள். தோற்றவரை, அடுத்த ஆட்டத்துக்குக் கூப்பிடுங்கள். அதுதான் நல்ல போட்டி!