ஆடியில் நிரம்பும், மாசியில் காயும் குற்றாலம்: விடுதி கழிவுநீர் பிளான்ட்டுக்கு 'மாற்று வடிவமைப்பு' கேட்க முடியுமா?

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ரூம் கிடைப்பதே பெரிய விஷயம். இரண்டு பேருக்கான ரூமில் எக்ஸ்ட்ரா பெட் போட்டு நான்கு, ஐந்து பேர் தங்குவார்கள். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் வரும். மாசி, பங்குனியில் போனால் ஊரே வேறு மாதிரி இருக்கும். அருவிப் பாறை காய்ந்து கிடக்கும், ரூம்கள் காலியாக இருக்கும்.

இந்த ஏற்ற இறக்கம் விடுதியின் வருமானத்தோடு முடிவதில்லை. கட்டடத்தின் பின்பக்கம் ஓடும் எஸ்டிபி எனப்படும் கழிவுநீர் சுத்திகரிப்பு பிளான்ட்டையும் அது பாதிக்கிறது. வருஷம் முழுக்க ஒரே அளவு கழிவுநீர் வரும் என்ற கணக்கில் செய்த பிளான்ட், சீசன் ஊரில் என்ன ஆகும்? வேறு வடிவமைப்பு வேண்டும் என்று அரசிடம் கேட்க வழி இருக்கிறதா?

இதில் குற்றாலத்துக்கு என்ன ஆபத்து?

குற்றால மலையில் இருந்து இறங்கும் சிற்றாறு, தென்காசி ஊரைத் தொட்டுக்கொண்டு ஓடி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. அதே சீவலப்பேரியில் இருந்துதான் கோவில்பட்டி போன்ற ஊர்களுக்குக் குடிநீர் போகிறது. மேலே ஒரு விடுதி ஓடையில் விடும் தண்ணீர், கீழே யாரோ ஒருவர் வீட்டுக் குழாயோடு தொடர்புடையது.

அருவியில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் போடக் கூடாது என்ற தடை அங்கே குளிக்கப் போன பலருக்கும் தெரியும். ஆனால் அதே சோப்புத் தண்ணீர் ரூம் பாத்ரூமில் இருந்தும் வெளியேறத்தான் செய்கிறது. தாமிரபரணியில் கழிவுநீர் கலக்கும் பிரச்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போய், 2024 நவம்பரில் நீதிபதிகளே நெல்லையில் ஆற்றை நேரில் பார்த்தார்கள்.

ரெடிமேட் பிளான்ட்டில் என்ன சிக்கல்?

சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான சின்ன பிளான்ட்டுகளில் வேலை செய்வது பாக்டீரியாதான். ப்ளோயர் வைத்துக் காற்றை ஊதினால், பாக்டீரியா கழிவைத் தின்று வளரும். சாப்பாடும் காற்றும் தினமும் ஒழுங்காகக் கிடைத்தால் பிரச்னை இல்லை.

ரூம்கள் காலியாக இருக்கும் மாதங்களில் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு கிடைக்காது, அது குறைந்துபோகும். கரண்ட் பில்லை மிச்சம் பிடிக்க ப்ளோயரை நிறுத்தினால் இன்னும் மோசம். திடீரென்று சீசன் தொடங்கிக் கழிவுநீர் குபுகுபுவென வரும்போது அதைத் தின்ன போதுமான பாக்டீரியா இருக்காது. இருப்பதையும் வேகமான ஓட்டம் அடித்துக்கொண்டு போய்விடும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

20 ரூம் உள்ள ஒரு விடுதியை எடுத்துக்கொள்வோம். சாதாரண விடுதிகளில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 180 லிட்டர் தண்ணீர் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்லும் அளவு. அதில் 80% கழிவுநீராக வெளியேறும் என்பது வழக்கமான கணக்கு.

- ரூமுக்கு 2 பேர்: 40 பேர், 7,200 லிட்டர் தண்ணீர், 5,760 லிட்டர் கழிவுநீர்
- சீசனில் ரூமுக்கு 4 பேர்: 80 பேர், 11,520 லிட்டர் கழிவுநீர்
- சீசன் இல்லாத நாளில் 3 ரூம், 6 பேர்: 864 லிட்டர் கழிவுநீர்

அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் 13 மடங்கு வித்தியாசம். சராசரிக்கு பிளான்ட் கட்டினால் ஆடியில் வழியும். அதிகபட்சத்துக்கு 12,000 லிட்டரில் ஒரே பிளான்ட் கட்டினால், மாசியில் அதன் திறனில் 7% மட்டுமே வேலை செய்யும்.

சட்டம் எந்த டெக்னாலஜியைச் சொல்கிறது?

எதையும் சொல்லவில்லை என்பதுதான் இங்கே முக்கியம். 1974-ம் ஆண்டு தண்ணீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 25-வது பிரிவுப்படி, கட்டுவதற்கு முன் ஒரு இசைவும் இயக்குவதற்கு ஓர் இசைவும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் வாங்க வேண்டும். சட்டம் கேட்பது, வெளியே வரும் தண்ணீர் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்பதைத்தான்.

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2017 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கைப்படி, பெருநகரம் அல்லாத ஊர்களில் பிஓடி லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். பிஓடி என்றால், தண்ணீரில் மிச்சம் இருக்கும் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்ஸிஜன் தேவை என்ற அளவு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 ஏப்ரலில் இதை 10 ஆகக் குறைக்கச் சொன்னது. உங்கள் இசைவாணையில் எந்த எண் அச்சாகி இருக்கிறதோ, அதுதான் உங்களுக்குப் பொருந்தும்.

ஆனால் இசைவாணையில் பிளான்ட்டின் பகுதிகளும் பட்டியலிடப்படும். அதை மாற்ற நினைத்தால் கட்டுவதற்கு முன்பே திருத்தம் கேட்க வேண்டும். கட்டிவிட்டுப் போய்ச் சொன்னால் அது விதிமீறல்.

மாற்று என்றால் எவை?

*பிரித்துக் கட்டுவது:* 12,000 லிட்டருக்கு ஒரே பிளான்ட்டுக்குப் பதிலாக, 4,000 லிட்டரில் மூன்று. சீசன் இல்லாதபோது ஒன்று மட்டும் ஓடும். அந்த 864 லிட்டரும் அதற்கு 22% வேலை கொடுக்கும். முன்னால் ஒரு பெரிய சமநிலைத் தொட்டி வைத்தால், காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் குளிக்கும் அதிர்ச்சியை அது தாங்கும்.

*தொகுதி முறை:* எஸ்பிஆர் எனப்படும் முறையில் ஒரே தொட்டியில் நிரப்பி, காற்று ஊதி, தெளியவிட்டு வெளியேற்றுவார்கள். கூட்டத்தைப் பொறுத்து ஒரு நாளைக்கு எத்தனை சுற்று என்று மாற்றிக்கொள்ளலாம்.

*கரண்ட் அதிகம் தேவைப்படாத முறை:* தடுப்புச் சுவர் தொட்டிகள், அதன்பின் கல்வாழை போன்ற செடிகள் வளர்த்த சரளைப் படுகை. புதுச்சேரி தவளக்குப்பத்தில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனையில் இந்த வகை அமைப்பு பல வருஷங்களாக இயங்குகிறது. ஆனால் இதற்கு இடம் அதிகம் வேண்டும். பிஓடி 10 என்ற கடுமையான எண்ணை இதை மட்டும் வைத்துத் தொடுவது கஷ்டம். கடைசியில் வடிகட்டியும் கிருமிநீக்கமும் சேர்க்க வேண்டிவரும்.

எதை எடுத்தாலும் மழைநீர்க் குழாயைக் கழிவுநீரோடு சேர்க்கக் கூடாது. குற்றாலத்து மழைக்கு அந்த ஒரு தவறே பிளான்ட்டை மூழ்கடித்துவிடும்.

விண்ணப்பத்தில் என்ன இருக்க வேண்டும்?

"எங்களுக்கு இது செலவு குறைவு" என்று எழுதினால் கோப்பு நகராது. வழக்கமான வடிவமைப்பு இந்த இடத்தில் ஏன் சரிவராது, மாற்று எப்படி அதே சுத்தத்தைத் தரும் என்ற இரண்டுக்கும் ஆதாரம் வேண்டும்.

1. மாதவாரியாகத் தங்கியவர்கள் எண்ணிக்கை, தண்ணீர் மீட்டர் அல்லது லாரித் தண்ணீர் ரசீது. கழிவுநீர்க் கணக்கு இதிலிருந்து வர வேண்டும்.
2. ஒவ்வொரு தொட்டியின் அளவு, கழிவுநீர் அதில் தங்கும் நேரம், வரைபடம். தகுதியுள்ள பொறியாளரின் கையெழுத்து.
3. இதே முறையில் வேறு இடத்தில் இயங்கும் பிளான்ட்டின் ஆய்வக அறிக்கைகள். ஒரு நாள் மாதிரி போதாது, உச்சக் கூட்டத்தில் எடுத்ததும் வேண்டும்.
4. சுத்திகரித்த தண்ணீர் எங்கே போகும்? ஃப்ளஷ், தோட்டம் என்றால் எத்தனை லிட்டர்? மழை நாளில் தோட்டத்துக்குத் தண்ணீர் தேவைப்படாதே, அப்போது எங்கே சேமிப்பீர்கள்?
5. கசடு எப்போது, எந்த லாரியில், எந்த நிலையத்துக்குப் போகும்?
6. பிளான்ட் படுத்துவிட்டால் என்ன செய்வீர்கள்? சேமிப்புத் தொட்டியா, புக்கிங்கைக் குறைப்பதா?

இன்னொன்று, யாரும் உள்ளே இறங்காமல் சுத்தம் செய்யும்படி தொட்டி இருக்க வேண்டும். மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடுக்கும் 2013-ம் ஆண்டு சட்டம், பாதுகாப்பு இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவதைக் குற்றம் என்கிறது. கழிவுநீர்க் குழியில் இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது.

அதிகாரிகள் ஏன் தயங்குவார்கள்?

பழகிய வடிவமைப்பு தோற்றால் பழி கம்பெனிக்கு. புதுசுக்குக் கையெழுத்துப் போட்டு அது தோற்றால் பழி அதிகாரிக்கு. இந்தப் பயத்தை வெறும் பேச்சால் போக்க முடியாது.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. கழிவுநீர் வடிவமைப்பு விதிகளுக்குள் வராத தொழில்நுட்பங்களுக்கு அங்கே தனியாக ஒப்புதல் கேட்கலாம். தரவுகளோடு, தேவைப்பட்டால் செயல்திறனுக்கான உத்தரவாதப் பத்திரமும் கொடுக்க வேண்டும். தோற்றால் செலவு யாருடையது என்பது முதலிலேயே முடிவாகிவிடுகிறது.

இங்கேயும் விண்ணப்பதாரர் தாமாக முன்வந்து, "ஒரு முழு சீசனுக்குச் சோதனை முறையில் நிபந்தனையோடு இசைவு கொடுங்கள், மாதாமாதம் ஆய்வக அறிக்கை தருகிறோம், அளவு தாண்டினால் எங்கள் செலவில் கூடுதல் சுத்திகரிப்புப் பகுதியைச் சேர்க்கிறோம்" என்று எழுதித் தரலாம். மறுப்பதைவிட ஒப்புக்கொள்வது எளிதாகும்.

மறுத்துவிட்டால்?

முழுமையான விண்ணப்பத்துக்கு 4 மாதத்துக்குள் பதில் இல்லை என்றால் இசைவு கிடைத்ததாகக் கருதப்படும் என்று 25-வது பிரிவு சொல்கிறது. ஆனால் 'முழுமையான' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். ஒரு ஆவணம் குறைந்தாலும் இது பேச்சுக்கு உதவாது. மறுப்பு ஆணை வந்தால், 28-வது பிரிவுப்படி 30 நாளுக்குள் மேல்முறையீட்டு ஆணையத்துக்குப் போகலாம்.

விண்ணப்பம் போடும் முன் ஒரு வருஷம் முழுக்கத் தண்ணீர் மீட்டரைக் குறித்து வைப்பதுதான் முதல் வேலை. அதற்குப் பெரிய செலவும் இல்லை. ஆடி எண்ணும் மாசி எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், குற்றாலத்துக்கு ஏன் வேறு பிளான்ட் வேண்டும் என்பதை அதிகாரிக்குத் தனியாக விளக்க வேண்டியிருக்காது.