சமன் ஆனால் யாருக்கு வெற்றி?

தராசின் இரு தட்டுகளும் சமமாக நிற்கின்றன. ஏற்கெனவே நிறுத்த பொருளையே மறுபடி எண்ணி, ஒரு பக்கம் கனம் என்று சொல்லலாமா?

2019 உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதியாட்டத்தில் நடந்தது அதுதான். இங்கிலாந்தும் நியூசிலாந்தும் தலா 241 ஓட்டங்கள். சூப்பர் ஓவரிலும் தலா 15. உடனே பவுண்டரிகளை எண்ணினார்கள். 26-க்கு 17 என இங்கிலாந்து வென்றது. அந்தப் பவுண்டரிகள் ஓட்டக் கணக்கில் முன்பே சேர்ந்தவைதாமே! விதி முன்னதாகவே இருந்தது. ஆயினும் அது நியாயமன்று என்பேன். அதே ஆண்டில் அவ்விதி மாற்றப்பட்டது.

டென்னிசைப் பாருங்கள். டைபிரேக்கில் புதிதாகப் புள்ளிகள் ஆடுகிறார்கள். சர்வீஸ் போடுபவருக்கே சாதகம் அதிகம். ஆகவே தொடங்குபவருக்கு ஒரு சர்வீஸ். பிறகு ஆளுக்கு இரண்டிரண்டாக மாறி வரும். எந்த நேரத்திலும் ஒருவருக்கு ஒன்றுக்கு மேல் கூடுதல் சர்வீஸ் கிடையாது. வெற்றிக்கோ இரண்டு புள்ளி முன்னிலை வேண்டும். எனவே எதிராளியின் சர்வீஸில் ஒரு புள்ளியேனும் பறிக்காமல் வெல்லவே முடியாது. என்ன அழகான கணக்கு!

புதிய சோதனை, சம வாய்ப்பு: இவ்விரண்டும் இல்லாத தீர்ப்பைவிடப் பரிசைப் பகிர்வதே மேல். 2021-இல் டோக்கியோவில் 2.37 மீட்டர் தாண்டிய பர்ஷிமும் தம்பேரியும் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டனர். உங்கள் பள்ளிப் போட்டிக்கு நீங்கள் என்ன விதி எழுதுவீர்கள்?