வயசானா விழத்தான் செய்வாங்களா?

அப்பாவுக்குக் கை நடுங்கவே இல்லை. ஆனாலும் பார்க்கின்சன் என்று எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு வருஷம் லீவோடோபா விழுங்கினார், ஒரு மாற்றமும் இல்லை. புனேயிலிருந்து ஞாயிறுதோறும் போன் போட்டு "மாத்திரை சாப்ட்டீங்களாப்பா?" என்று மட்டும் கேட்ட மகா புத்திசாலி நான்.

முதல் வருஷத்திலேயே அப்பா பொத்து பொத்தென்று பின்பக்கமாக விழுந்தார். கண்ணைக் கீழே இறக்கித் தட்டைப் பார்க்க முடியாமல் சட்டையெல்லாம் சோறு சிந்தினார். "வயசாச்சுல்ல" என்றோம். கண்ணாடியை மாற்றினோம், அதுவும் இரண்டு தடவை! இந்த இரண்டும் பி.எஸ்.பி. என்கிற வேறு நோயின் முக்கிய அடையாளங்கள். ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஓல்ஷெவ்ஸ்கி என்ற மூவர் 1964-லேயே எழுதி வைத்துவிட்டார்கள். பார்க்கின்சனில் விழ ஆரம்பிப்பது பெரும்பாலும் சில வருஷம் கழித்துத்தான். லீவோடோபாவும் பொதுவாக நன்றாகக் கேட்கும்.

"ரெண்டையும் குணமாக்க மருந்து கிடையாது, பேர் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?" என்று ஒரு டாக்டரே கேட்டார். என்ன ஆகுமா? பாத்ரூமில் கைப்பிடி வைத்திருப்போம் சார். மாடிப்படியில் தனியே விட்டிருக்க மாட்டோம். புரையேறிப் புரையேறி நிமோனியா வரும் முன்பே விழுங்கும் பயிற்சிக்கு ஆள் பார்த்திருப்போம். இடுப்பெலும்பு முறிந்த பிறகா இதெல்லாம் தெரிய வேண்டும்?

ஊரில் பெற்றோரை விட்டுவிட்டு வந்திருக்கும் மக்களே, அடுத்த போனில் இதையும் கேளுங்கள்: "எந்தப் பக்கமா விழுந்தீங்க? இறங்கும்போது படி தெரியுதா?" மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பதிலை அப்படியே நரம்பியல் டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும்.